வார்டுக்கு அறுபதாயிரம்: கலைக்கு ஓர் அச்சாரம்

1955 ஜனவரியில் ஆவடியில் காங்கிரஸ் மாநாடு கூடியது. நேருவின் ‘சோஷலிச பாணி சமுதாயம்’ அங்கேதான் தீர்மானமானது. அதே ஆண்டில் சென்னையில் மாநில அரசு ஒரு சங்கீத நாடக சங்கத்தைத் தொடங்கியது. 1973-ல் அது தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றம் என்று பெயர் மாறியது. மாநாட்டுக் காலத்துத் தொழில் கனவின் தடங்களைத் திருவள்ளூர் நெடுஞ்சாலையில் பேருந்தில் உட்கார்ந்தபடியே பார்த்துவிடலாம். பாடியில் லூகாஸ் டிவிஎஸ், வீல்ஸ் இந்தியா. அம்பத்தூரில் மாநாட்டுக்கு முன்பே, 1949-ல் வந்துவிட்ட டிஐ சைக்கிள்ஸ். 1964-ல் தொடங்கிய தொழிற்பேட்டை. ஆவடியில் 1965-ல் முதல் விஜயந்தா டாங்கியை உருட்டி வெளியே அனுப்பிய கனரக வாகனத் தொழிற்சாலை. கலைக்கென்று தொடங்கிய சங்கத்தின் தடம் ஏதாவது இருக்கிறதா என்று அதே சாலையில் தேடினால் திருவள்ளூர் வரை போய்த் திரும்ப வேண்டியதுதான்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அம்பத்தூரில் 4.66 லட்சம் பேர், ஆவடியில் 3.46 லட்சம் பேர், பூந்தமல்லியில் 57 ஆயிரம் பேர். அதன் பிறகு எத்தனை அடுக்ககங்கள் முளைத்தன என்பதை இந்தப் பக்கம் வீடு தேடியவர்கள் அறிவார்கள். இவ்வளவு பேரில் ஒருவருக்கு ஒரு நல்ல மேடை நாடகம் பார்க்க ஆசை வந்தால் மயிலாப்பூருக்கோ தியாகராய நகருக்கோ எழும்பூருக்கோ கிளம்ப வேண்டும். திரும்பக் கடைசி ரயிலைப் பிடிக்க வேண்டும். நாடகம் போடுகிற ஆசை வந்தாலோ இன்னும் சிரமம்.

கலை இல்லாத ஊர்களா இவை? ஆடி பிறந்துவிட்டால் இந்தப் பக்கம் தூங்க முடியாது. திருவேற்காடு கருமாரிக்கும் மாங்காடு காமாட்சிக்கும் போகிற கூட்டம் ஒருபுறம் இருக்க, தெருமுனை அம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற நாளில் பம்பையும் உடுக்கையும் கைச்சிலம்புமாக வந்து இறங்குகிற குழுக்கள் உண்டு. பூந்தமல்லியைத் தாண்டி மேற்கே போகப் போகப் பாரதக் கூத்து இன்னும் விடியவிடிய நடக்கிற கிராமங்கள் வருகின்றன. சாவு வீட்டுக்குக் கானா பாட வருகிறவர்கள், ஏரிக்கரையில் சிலம்பம் சொல்லித்தருகிற ஆசான்கள், மார்கழியில் தெருவை அடைத்துக் கோலம் போடுகிற பெண்கள் என்று சொல்லிக்கொண்டே போகலாம். ஆவடி மார்க்கத்து மின்சார ரயிலில் சின்ன ஒலிபெருக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு பழைய பாட்டுகளைப் பாடி வரும் பார்வையற்றவர்களின் குரல், இங்கிருந்து வேலைக்குப் போய்வந்த எவருக்கும் மறக்காது. பார்வையற்ற பிள்ளைகளுக்கான அரசுப் பள்ளி பூந்தமல்லியில் தலைமுறைகளாக நடக்கிறது. அங்கே பாடக் கற்ற குரல்கள் படிப்பு முடிந்ததும் எங்கே போகும் என்று நாம் கேட்டதில்லை. ஆவடி நரிக்குறவர் குடியிருப்பை 2022 ஏப்ரலில் முதல்வர் வந்து பார்த்த பிறகு நாடே பார்த்தது. அங்கே பாசிமணி கோக்கும் கைகளுக்குச் சாலையோரத்தைத் தவிர வேறு காட்சிக்கூடம் இன்னும் அமையவில்லை.

தொழிற்சாலைகளுக்கும் இதில் ஒரு பங்கு இருந்தது. பெரிய ஆலைகளின் பொழுதுபோக்கு மன்றங்கள் நாடகம் போட்ட காலம் ஒன்று உண்டு. ஷிப்ட் முடித்து வந்து அரிதாரம் பூசிக்கொண்டவர்களின் பிள்ளைகள் இன்று இந்த ஊர்களில் ஐம்பது, அறுபது வயதுக்காரர்கள். நிரந்தரத் தொழிலாளி இருந்தபோதுதான் மன்றம் இருந்தது. ஒப்பந்தத் தொழிலாளிக்கு மன்றமும் இல்லை, ஒத்திகைக்கு நேரமும் இல்லை. தொழிற்பேட்டைக்கு ஒடிசாவிலிருந்தும் பிகாரிலிருந்தும் வங்கத்திலிருந்தும் வந்திருப்பவர்களோடு என்னென்ன பாட்டுகள் வந்து சேர்ந்தன என்பது பக்கத்து வீட்டுக்காரருக்கே தெரியாது.

புதிதாக ஒரு கூட்டமும் சேர்ந்திருக்கிறது. 2022 நவம்பரிலிருந்து அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா நடக்கிறது. பறை, கரகம், ஓவியம், மணல் சிற்பம், நாடகம் என்று பிள்ளைகள் போட்டி போடுகிறார்கள். மாநில அளவில் வெல்கிறவர்களுக்குக் கலையரசன், கலையரசி என்று பட்டமும் உண்டு. அண்மைக் காலத்தில் அரசு செய்த நல்ல காரியங்களில் ஒன்று இது. ஆனால், பன்னிரண்டாம் வகுப்பு முடிந்த மறுநாள் அந்தப் பிள்ளை பறையைப் பள்ளியில் ஒப்படைத்துவிட்டு வெளியே வருகிறது. அதற்குப் பிறகு அந்தப் பிள்ளைக்கு யாரும் இல்லை.

பணம் யாருக்குப் போகிறது?

அரசு கலைக்குப் பணமே தருவதில்லை என்று சொன்னால் பொய். இயல் இசை நாடக மன்றம் நலிவுற்ற கலைஞர்களுக்கு மாதம் 3,000 ரூபாய் தருகிறது. வாத்தியம், ஆடை, அணிகலன் வாங்கவும் உதவுகிறது. நாட்டுப்புறக் கலைஞர்களுக்கு 2007-லிருந்து தனி நல வாரியம் இருக்கிறது. மாவட்டந்தோறும் வயதுவாரியாகக் கலை இளமணி தொடங்கிக் கலை முதுமணி வரை ஐந்து விருதுகள் வழங்கப்படுகின்றன. மேலே போனால் கலைமாமணி. இன்னும் மேலே போனால் பத்மஸ்ரீ. 2025-ல் புரிசை கண்ணப்ப சம்பந்தனுக்கும் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கும் அது கிடைத்தபோது கூத்துக்கும் பறைக்கும் கிடைத்த மரியாதை என்று எல்லோரும் மகிழ்ந்தோம். மகிழ வேண்டியதுதான்.

இந்தப் பட்டியலைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் ஒன்று புலப்படும். பணம் கலைஞர் என்கிற தனிமனிதருக்குப் போகிறது. அதுவும் அவர் நலிந்த பிறகு, அல்லது புகழ் பெற்ற பிறகு. நடுவில், கலை நடந்துகொண்டிருக்கிற காலத்தில், ஒரு தெருவும் ஒரு கலைஞரும் சேர்ந்து செய்ய நினைக்கிற ஒரு வேலைக்குப் பணம் கேட்கச் சன்னல் ஏதும் கிடையாது. முதியவருக்கு உதவித்தொகை வருகிறது. அவரிடம் பத்துப் பிள்ளைகள் பம்பை கற்க விரும்பினால், கற்கிற இடத்துக்கும் தோலுக்கும் தேநீருக்கும் பணம் வருவதில்லை.

இதற்கு மாறாகப் பெருவிழாக்கள் இருக்கின்றன. 2007-ல் தொடங்கி 2011 வரை நடந்து, இடையில் நின்று, 2023 ஜனவரியில் ‘நம்ம ஊரு திருவிழா’ என்று மீண்டு வந்த சென்னை சங்கமத்தை நான் குறைசொல்ல மாட்டேன். கலை சபா வாசலைத் தாண்டாத நகரத்தில், பூங்காக்களுக்குள் பறையைக் கொண்டுவந்தது அது. கலைஞருக்கு ஊதியமும் பயணச் செலவும் கொடுத்தது. ஆனாலும் அது வந்து போகிற விழா. பொங்கல் முடிந்ததும் மேடையைப் பிரித்து லாரியில் ஏற்றுகிறார்கள். தஞ்சாவூர்க்காரர் தஞ்சாவூருக்கும் மதுரைக்காரர் மதுரைக்கும் போய்விடுகிறார். அந்தத் திடலைச் சுற்றிக் குடியிருப்பவர்கள் கைதட்டியதோடு சரி, அவர்கள் கையில் எதுவும் மிஞ்சுவதில்லை.

ஒன்றிய அரசின் பண்பாட்டு அமைச்சகத்திலும் விழா, நாடகத் தயாரிப்பு ஆகியவற்றுக்கான நல்கை உண்டு. வழக்கமான உச்சவரம்பு 5 லட்சம் ரூபாய். கேட்பதற்குப் பதிவுபெற்ற சங்கமாகவோ அறக்கட்டளையாகவோ இருக்க வேண்டும். மூன்றாண்டு இயங்கியிருக்க வேண்டும். செலவில் கால் பங்கைத் தானே திரட்டிக் காட்ட வேண்டும். தணிக்கை செய்த கணக்கு வேண்டும். முடிந்ததும் பயன்பாட்டுச் சான்றிதழ் வேண்டும். பெருநிறுவனச் சமூகப் பொறுப்பு நிதியை அணுகினாலும் இதே மூன்றாண்டுதான். அத்துடன் வருமான வரித் துறையின் 12ஏ, 80ஜி பதிவுகளும் கம்பெனி விவகார அமைச்சகத்தின் பதிவு எண்ணும் கேட்பார்கள். பொதுப் பணத்துக்குக் கணக்கு கேட்பதில் தப்பில்லை. 5 லட்சத்துக்குக் கேட்கிற கணக்கை 50 ஆயிரத்துக்கும் கேட்டால் என்ன ஆகும்? ஆடிட்டருக்குக் கொடுக்கிற பணம் கூத்துக்குக் கொடுக்கிற பணத்தை எட்டிப்பிடிக்கும். இப்படிப்பட்ட படிவங்களை நிரப்பத் தெரிந்தவர்கள் நகரத்தின் நடுவில் இருக்கிறார்கள். பட்டாபிராமில் பறை அடிக்கிறவருக்கு அந்தப் படிவம் இருப்பதே தெரியாது.

வெற்றிலையில் வைத்த பணம்

கூத்துக்கு ஏற்பாடு செய்கிற ஊர்க்காரர்கள் என்ன செய்வார்கள்? தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வரி போடுவார்கள். ஜமா எனப்படும் கூத்துக் குழுவின் வாத்தியாரைத் தேடிப் போய்த் தாம்பூலத்தோடு அச்சாரம் கொடுப்பார்கள். நாள் உறுதியாகிவிடும். அந்த முன்பணத்தில் வாத்தியார் ஆள் சேர்ப்பார். முகவீணைக்காரரை வேறு ஊருக்குப் போகாமல் பிடித்துவைப்பார். உடைந்த கட்டை அணிகளுக்குக் கண்ணாடி ஒட்டுவார். மீதிப் பணம், ஆட்டம் முடிந்து விடிகாலையில். ஆட்டம் பிடித்துப்போனால் மேற்கொண்டு யாராவது நூறோ இருநூறோ குத்திவிடுவார்கள். ரசீது கிடையாது. ஆனால், ஊரே கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கும்.

சிறு நல்கை பற்றி யோசிக்கிற எவரும் இந்த முறையிலிருந்து இரண்டு விஷயங்களைக் கற்றுக்கொள்ளலாம். பணம் ஆட்டத்துக்கு முன்னால் வர வேண்டும். முடிவெடுக்கிறவர்கள் பார்க்கிற தூரத்தில் இருக்க வேண்டும். அரசின் பழக்கம் இதற்கு நேர் எதிர்: முதலில் நீ செலவு செய், ரசீது கொடு, பார்த்துத் தருகிறேன் என்பது. கந்துவட்டிக்கு வாங்கிக் கூத்து நடத்திவிட்டு அரசின் காசோலைக்குக் காத்திருக்க யாரால் முடியும்?

அந்தப் பழைய முறையை அப்படியே திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. தலைக்கட்டு வரி யாரிடம் வாங்கலாம், யாரிடம் வாங்கக்கூடாது என்பதில் சாதி இருந்தது. பறையடிப்பவருக்குக் கொடுத்தது கூலியா பிச்சையா என்பதில் சாதி இருந்தது. பெண்கள் எதிலும் இல்லை. கூத்தில் திரௌபதியாகக்கூட ஆண்தான் வந்தார். காஞ்சிபுரத்தில் கூத்துக் கலைஞர் ராஜகோபால் முன்னின்று 1990-ல் அமைத்த கட்டைக்கூத்துச் சங்கமும், அது 2002 முதல் 2020 வரை நடத்திய குருகுலமும் செய்த பெரிய காரியம், பெண் பிள்ளைகளுக்கும் கட்டை கட்டிவிட்டதுதான். பூந்தமல்லியிலிருந்து பஸ் ஏறினால் போய்விடுகிற தூரம். பதினெட்டு ஆண்டு நடந்த அந்தக் குருகுலம் மூடப்பட்டபோது இந்தப் பக்கம் ஒரு சலசலப்பும் எழவில்லை.

ஊரே பணம் போட்டுக் கலை நடத்தும் வழக்கம் நகரத்திலும் புதிதில்லை. முற்போக்கு எழுத்தாளர் சங்கத்தின் கலை இலக்கிய இரவுகள் உண்டியல் குலுக்கி நடந்தவை. 1984-ல் பிரளயன் முதலானோர் தொடங்கிய சென்னைக் கலைக்குழு வீதியில் நாடகம் போட்டது. பெசன்ட் நகரில் 2015-ல் தொடங்கிய ஊரூர் ஆல்காட் குப்பம் விழா கம்பெனி விளம்பரம் இல்லாமல், தனிநபர்கள் கொடுத்த பணத்தில் மீனவக் குப்பத்தில் கச்சேரியும் கூத்தும் நடத்திக் காட்டியது. ஆனால், அங்கே பாடகர் டி.எம். கிருஷ்ணா இருந்தார், அவர் கூப்பிட்டால் வருகிற கலைஞர்களும் பத்திரிகைக்காரர்களும் இருந்தார்கள். கொரட்டூரில் ஒரு பிரபலமும் இல்லாத பத்து இளைஞர்கள் இதையே செய்ய நினைத்தால் உண்டியலில் எவ்வளவு விழும்?

ஒரு சதவீதம்

நான் கேட்பது பெரிய தொகையல்ல. சென்னை மாநகராட்சியில் ஒவ்வொரு கவுன்சிலருக்கும் வார்டு மேம்பாட்டு நிதி உண்டு. 2025-26 நிதிநிலை அறிக்கையில் அது 50 லட்சத்திலிருந்து 60 லட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது. அதில் நூற்றில் ஒரு பங்கு 60 ஆயிரம். அம்பத்தூர் மண்டலத்தில் 79 முதல் 93 வரை 15 வார்டுகள். மொத்தம் 9 லட்சம் ரூபாய். ஒரு தெருவுக்குத் தார் போடுகிற ஒப்பந்தத்தில் இந்தத் தொகை எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேட வேண்டியிருக்கும்.

60 ஆயிரத்தில் உலகத்தைப் புரட்ட முடியாது. ஒரு கூத்து ஜமாவுக்கு அச்சாரம் கொடுக்கலாம். ஏழெட்டுப் பறை வாங்கிக் கொடுத்து, பள்ளி மைதானத்தில் சனி ஞாயிறுகளில் சொல்லித்தர ஓர் ஆசானை அமர்த்தலாம். கலைத் திருவிழாவில் பரிசு வாங்கி வெளியே வந்த பிள்ளைகள் ஒரு நாடகம் தயாரித்து, வார்டுக்குள் நான்கு இடத்தில் போடலாம். அம்பத்தூர் ஏரியும் கொரட்டூர் ஏரியும் முன்பு எப்படி இருந்தன என்று அறுபது வயதுக்காரர்களிடம் கேட்டு, பழைய புகைப்படங்களைத் திரட்டிச் சமுதாய நலக்கூடத்தில் கண்காட்சி வைக்கலாம். ரயிலில் பாடுகிற பார்வையற்றவர்களுக்கு ஒரு மாலையாவது உட்கார்ந்து பாட மேடையும், நின்று கேட்கக் கூட்டமும் ஏற்பாடு செய்யலாம். ஓர் ஆண்டில் ஒரு வார்டு இவற்றில் ஒன்றோ இரண்டோ செய்தால் போதும்.

யார் முடிவு செய்வது? கவுன்சிலர் தனியாக முடிவு செய்யக்கூடாது. அதற்கென்று ஓர் அமைப்பு ஏற்கெனவே இருக்கிறது. நகர்ப்புறத்தில் கிராம சபைக்கு இணையாகப் பகுதி சபை என்று ஒன்றை அரசு 2022-ல் கொண்டுவந்தது. அந்த ஆண்டு நவம்பர் 1 உள்ளாட்சி தினத்தில் தாம்பரம் மாநகராட்சியின் பம்மலில் முதல்வரே அதில் உட்கார்ந்தார். சென்னையில் வார்டுக்குப் பத்துப் பகுதி சபைகள். நடக்கிற கூட்டங்களில் பெரும்பாலும் குப்பை, தெருவிளக்கு, நாய் பற்றிப் பேசிவிட்டுக் கலைகிறார்கள். கேட்கவும் ஒதுக்கவும் கையில் சொந்தமாக ஒரு தொகை இருந்தால்தான் சபைக்குக் கூட்டம் வரும். ஆண்டுக்கு ஒருமுறை, வந்த விண்ணப்பங்களைச் சபையில் வாய்விட்டுப் படித்து, கேட்டவர்களையே ஐந்து நிமிடம் பேசச் சொல்லி, கை தூக்கி முடிவு செய்யலாம். விண்ணப்பம் தமிழில், ஒரு பக்கம்: என்ன செய்யப் போகிறீர்கள், எங்கே, யாருடன், எவ்வளவு. எழுதத் தெரியாதவர் சொல்லச் சொல்ல வார்டு அலுவலகத்தில் எழுதிக்கொள்ளட்டும். பதிவுபெற்ற சங்கம் வேண்டாம். அந்த வார்டில் குடியிருக்கும் மூவர் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட்டால் போதும். முக்கால் பங்கு முன்பணம். கணக்கு, அடுத்த சபையில் எல்லோர் முன்னிலையிலும்.

நமக்கு நாமே திட்டத்தில் மக்கள் பங்கு மூன்றில் ஒன்று என்று ஒரு வழக்கம் இருக்கிறது. 1997-லிருந்து வெவ்வேறு வடிவில் வந்து போன திட்டம் அது. கட்டடம், பூங்கா, விளக்கு என்று கண்ணுக்குத் தெரிகிற பணிகளுக்கானது. அந்த விதியைக் கலைக்கும் கொஞ்சம் தளர்த்திப் பயன்படுத்தலாம். தெருவின் பங்கு பணமாகவே இருக்க வேண்டியதில்லை: மைக் செட்காரர் வாடகையை விட்டுக்கொடுக்கலாம், ஒருவர் கலைஞர்களுக்குச் சாப்பாடு போடலாம், இன்னொருவர் மாடியை ஒத்திகைக்கு விடலாம். தன் பங்கைப் போட்ட தெருதான் கடைசி வரை உட்கார்ந்து பார்க்கும்.

ஆவடி 2019-ல் மாநகராட்சி ஆனது, 48 வார்டுகள். பூந்தமல்லி நகராட்சியில் 21 வார்டுகள். இவற்றின் கையிருப்பு சென்னையைப் போல இருக்காது. தொகை குறைவாக இருக்கட்டும், முறை ஒன்றாக இருக்கட்டும். வார்டு நிதி கட்டுமானப் பணிக்கென்றே பழகிவிட்ட பணம் என்பதால் உள்ளாட்சி மன்றத் தீர்மானமும் நகராட்சி நிர்வாகத் துறையின் அரசாணையும் வேண்டியிருக்கும். ஓர் அரசாணை அவ்வளவு கடினமான காரியமல்ல.

வெள்ளத்தில் கூத்தா?

முதல் எதிர்ப்பு எங்கிருந்து வரும் என்று தெரியும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் தொழிற்பேட்டையே தண்ணீரில் மூழ்கியது, இயந்திரங்கள் வீணாகின. வடிகால் இல்லாத ஊரில் கூத்து கேட்கிறாயா என்பார்கள். நூற்றில் தொண்ணூற்றொன்பது பங்கை வைத்து வராத வடிகால், மிச்சமிருக்கிற ஒரு பங்கால் வந்துவிடப்போவதில்லை. இன்னொன்றும் உண்டு. வெள்ளம் வந்த நாளில் படகு கொண்டுவந்ததும் பால் பாக்கெட் வாங்கி விநியோகித்ததும் ஏற்கெனவே ஒருவரையொருவர் தெரிந்துவைத்திருந்த இளைஞர் கூட்டங்கள்தான். அடுக்ககத்தில் எதிர்வீட்டுக்காரர் பெயர் தெரியாமல் பத்து வருடம் வாழ்ந்துவிடலாம் என்கிற நிலைக்கு வந்துவிட்ட புறநகரில், சேர்ந்து ஒரு வேலை செய்து பார்ப்பதற்கு ஓர் இடம் தேவைப்படுகிறது.

இரண்டாவது எதிர்ப்பு இன்னும் வலுவானது: கட்சிக்காரர்கள் சுருட்டிவிடுவார்கள், இல்லாவிட்டால் சாதிச் சங்கமும் கோயில் கமிட்டியும் வாங்கிக்கொண்டுபோய் ஃபிளெக்ஸ் வைப்பார்கள். நடக்கும். சில வார்டுகளில் நிச்சயம் நடக்கும். அதனால்தான் தொகை சின்னதாக இருக்க வேண்டும் என்கிறேன். 60 ஆயிரத்துக்காக அடித்துக்கொள்ளப் பெரிய ஆட்கள் வர மாட்டார்கள். வாங்கிய குழுவின் பெயரும் தொகையும் வார்டு அலுவலகச் சுவரில் வருடம் முழுக்க ஒட்டியிருக்கட்டும். ஒரே குழுவுக்கு அடுத்தடுத்த வருடம் கிடையாது. தலைவர் படம், கவுன்சிலர் படம் போட்ட பேனர் கட்டினால் மீதிக் கால் பங்கு கிடையாது. இந்தக் கடைசி விதிக்குத்தான் மன்றத்தில் அதிக எதிர்ப்பு வரும் என்பது என் ஊகம்.

அரசுப் பணம் வாங்கினால் அரசைக் கேலி செய்ய முடியுமா என்று நாடகக்காரர்கள் கேட்பார்கள். நியாயமான பயம். எம்.ஆர். ராதாவின் நாடகங்களை மடக்குவதற்காக 1954-ல் வந்த நாடக நிகழ்ச்சிகள் சட்டம் அரை நூற்றாண்டுக்கும் மேல் நம்மோடு இருந்தது. பரீக்‌ஷா நாடகக் குழுவை நடத்திய ஞாநி தொடுத்த வழக்கில் 2013-ல் உயர் நீதிமன்றம் அந்தச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளை ரத்துசெய்தது. அதுவரை, சபாவில் நாற்பது பேர் பார்க்கிற நாடகத்துக்கும் எழுத்துப் பிரதியைப் போலீஸ் கமிஷனர் அலுவலகத்தில் கொடுத்துக் காத்திருக்க வேண்டியிருந்தது. நல்கை என்ற பெயரில் அந்தப் பழக்கம் பின்வாசல் வழியாக வந்துவிடக்கூடாது. பிரதியைக் காட்டு என்று கேட்கும் அதிகாரம் வார்டு அலுவலகத்துக்கு இருக்கக் கூடாது. அரசாணையிலேயே இதை எழுதிவைக்க வேண்டும். அப்படியும் பணம் வேண்டாம் என்கிற குழுக்கள் துண்டேந்தட்டும். அவர்களும் தேவை.

அனுமதி பற்றியும் ஒரு வார்த்தை. 2000-ல் வந்த ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணிக்கு மேல் காலை 6 வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. விழாக்களுக்காக வருடத்தில் 15 நாளுக்கு மிகாமல் நள்ளிரவு 12 வரை தளர்த்தலாம், அவ்வளவுதான். பாரதக் கூத்தோ பத்து மணிக்குத்தான் களரி கட்டும். கட்டியக்காரன் வந்து சிரிக்கவைத்து முடிப்பதற்குள் பன்னிரண்டு ஆகிவிடும். திரௌபதி துகில் உரிதலைச் சாயங்காலம் ஆறு மணிக்கு வைத்துக்கொள்ளலாமே என்று நகரத்து நண்பர்கள் யோசனை சொல்கிறார்கள். சில ஜமாக்கள் மூன்று மணி நேரக் கூத்துக்கு மாறியும் விட்டன. மைக் இல்லாமல் நூறு பேருக்கு விடியவிடிய ஆடுவது இன்னொரு வழி. குரல் உள்ளவர்களுக்கு அது முடியும். குழந்தைகளும் நோயாளிகளும் தூங்க வேண்டும் என்பதை மறந்துவிட்டுக் கலைக்கு வாதாட எனக்கு மனமில்லை. ஆனால், கோயில் விழாவில் சினிமாப் பாட்டுக் கச்சேரி அதிகாலை ஒரு மணி வரை போகிறபோது வராத போலீஸ், கூத்துக்கு மட்டும் 10.05-க்கு வருவது எப்படி?

கேரளமும் பிரேசிலும்

கேரளம் உருவாகி அறுபது ஆண்டு நிறைந்ததை ஒட்டி அந்த மாநிலப் பண்பாட்டுத் துறை வைரவிழா உதவித்தொகை என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. ஆயிரம் இளம் கலைஞர்களைத் தேர்ந்தெடுத்து, உள்ளாட்சி அமைப்புகளோடு இணைத்து, ஊர் மக்களுக்கு இலவசமாகக் கலை சொல்லித்தரவைத்தார்கள். மாத உதவித்தொகையில் உள்ளாட்சிக்கும் பங்கு உண்டு. இல்லத்தரசிகளும் ஓய்வுபெற்றவர்களும் செண்டையும் ஓவியமும் கற்க வந்தார்கள். கலைஞருக்கு வேலை, ஊருக்குக் கலை. நம் துறையினர் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

பிரேசிலின் கதை நமக்கு இன்னும் நெருக்கமானது. பாடகர் ஜில்பெர்த்தோ ஜில் அங்கே பண்பாட்டு அமைச்சராக இருந்தபோது 2004-ல் ‘பண்பாட்டுப் புள்ளிகள்’ என்ற திட்டம் வந்தது. புதிதாக மன்றம் கட்டுவதில்லை. சேரியிலும் கிராமத்திலும் பழங்குடிக் குடியிருப்பிலும் ஏற்கெனவே இயங்கும் குழுக்களை அடையாளம் கண்டு, மூன்றாண்டுக்குப் பணம் கொடுப்பது. நாடெங்கும் பரவியது. ஆனால், சின்னக் குழுக்கள் கணக்கு ஒப்படைப்பதில் மூச்சுத் திணறின. ஆடவும் பாடவும் தெரிந்தவர்கள் ரசீதுக் கட்டோடு மல்லுக்கட்டினார்கள். பணமும் தாமதமாக வந்தது. கடைசியில் 2014-ல் தனிச் சட்டமே இயற்றி, குழு சொன்ன வேலையைச் செய்ததா என்று பார்த்தால் போதும் என்று கணக்கு முறையை எளிதாக்கினார்கள். பத்து வருடம் பட்ட பாட்டில் அவர்கள் கண்டதை நாம் முதல் நாளிலேயே எழுதிவைத்துக்கொள்ளலாம்.

தொழிற்சாலைகளிடமும் கேட்க வேண்டியது இருக்கிறது. 2013 கம்பெனிகள் சட்டம், பெரிய நிறுவனங்கள் கடந்த மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது. மரபுக் கலைகளை வளர்ப்பது அந்தச் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் இருக்கிறது. தான் இயங்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை கொடுக்க வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. தொழிற்பேட்டையின் சிறு பட்டறைகளுக்கு இது பொருந்தாது. அவர்களுக்கு அந்த அளவு லாபமும் இல்லை. நெடுஞ்சாலை ஓரத்துப் பெரிய பெயர்களுக்குப் பொருந்தும். பள்ளிக் கழிப்பறை, கண் மருத்துவ முகாம், மரக்கன்று என்று நல்ல காரியங்கள் நடக்கின்றன. ஆலைக்குள் நாடகம் போட்ட தொழிலாளர்களின் ஊருக்கு, அவர்கள் பேரப்பிள்ளைகள் ஒத்திகை பார்க்க ஒரு கூடம் கட்டிக்கொடுத்தாலும் அது சட்டப்படியான செலவுதான்.

இப்போதைய நகர்ப்புற உள்ளாட்சி உறுப்பினர்கள் 2022 பிப்ரவரித் தேர்தலில் வந்தவர்கள்; ஐந்தாண்டுப் பதவிக்காலம் 2027 தொடக்கத்தில் நிறைவடைகிறது. அடுத்த தேர்தலுக்கு வாக்குக் கேட்டு வருகிறவர் சாலை போடுவேன், குடிநீர் தருவேன் என்பார். கேட்டுக்கொள்ளுங்கள். கேட்ட பிறகு, வார்டு நிதியில் ஒரு சதவீதத்தைப் பகுதி சபையின் கையில் கொடுப்பீர்களா என்று அவரிடம் கேளுங்கள். கொடுக்கிறேன் என்றால், உங்கள் தெருவில் யாருக்குப் பம்பை அடிக்கத் தெரியும் என்று விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். முதல் விண்ணப்பம் உங்களுடையதாக இருக்கட்டும்.